மண் தள்ளும் மின்சாரம்

சாலை போடும் இடத்தில் புல்டோசர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் உள்ள அகன்ற இரும்பு பிளேடைத் தரையில் இறக்கிக்கொண்டு அது புறப்படும். மண் குவியக் குவிய வேகம் குறையும். எஞ்சின் முக்கி முனகும். கடைசியில் ஆள் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்து, குவியலைத் தள்ளி முடிக்கும். உடனே பிளேடைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பின்னோக்கி வரும். பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இப்படியே நடக்கும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ நின்றுபோகும் நேரத்தில்தான் புல்டோசருக்கு மிக அதிகமான இழுவிசை தேவைப்படுகிறது. டீசல் எஞ்சினோ நின்ற நிலையில் எந்த விசையையும் தராது. இந்த இரண்டையும் பொருத்தி வைப்பது எப்படி? இதற்குப் பொறியியலார் கண்ட விடைகளுள் ஒன்று விசித்திரமானது. டீசல் எஞ்சினைக் கொண்டு முதலில் மின்சாரம் உண்டாக்குவது. அந்த மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரைச் சுழற்றுவது. மோட்டாரைக் கொண்டு வண்டியை நகர்த்துவது! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல் இருக்கிறது அல்லவா? இதனால் டீசல் வீணாகாதா? வீணாவதற்குப் பதில் மிச்சமாகிறது என்பதே உண்மை. அது எப்படி என்று பார்ப்போம்.

எஞ்சினின் குணமும் மண்ணின் குணமும்

திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. திறன் மாறாமல் இருந்தால், வேகம் பாதியாகும்போது விசை இருமடங்காக வேண்டும். ஒரு புல்டோசரின் சங்கிலிப் பட்டைகளுக்கு 150 கிலோவாட் திறன் வந்து சேருகிறது என்று கொள்வோம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் அது சென்றால், தள்ளும் விசை சுமார் 6 டன் எடைக்குச் சமம். வேகம் 6 கிலோமீட்டரானால் 9 டன். 3 கிலோமீட்டரானால் 18 டன். மண்ணுக்கு வேண்டியது இதுதான்: பளு குறைவாக உள்ளபோது வேகம், பளு கூடும்போது விசை, நடுவே எந்த இடைவெளியும் இல்லாத மாற்றம்.

டீசல் எஞ்சினின் குணம் வேறு. நிமிடத்துக்கு 600 அல்லது 700 சுற்றுக்குக் கீழே போனால் அது அணைந்துவிடும். அதிக வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த இரண்டுக்கும் இடையிலும் ஒரு குறுகிய வீச்சில்தான் அது குறைந்த டீசலில் நிறைந்த வேலை செய்யும். சந்தையில் மூட்டை சுமப்பவர் தமக்குப் பழகிய ஒரே நடையில் போனால் களைப்பின்றி வெகுதூரம் போவார்; ஓடு, நில், மெல்ல நட என்று மாற்றி மாற்றி விரட்டினால் விரைவில் சோர்ந்துவிடுவார். எஞ்சினும் அப்படித்தான்.

பேருந்தில் இந்தப் பொருத்தத்தைக் கியர் பெட்டி செய்கிறது. மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் கீழ் கியருக்கு வருகிறார். ஆனால் கியர்களின் எண்ணிக்கை நான்கோ ஐந்தோதான். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள வேகங்களில் எஞ்சின் தனக்கு ஒத்துவராத சுற்றில் ஓட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, மண்ணில் புதைந்து தள்ளிக்கொண்டிருக்கும் புல்டோசரில் கியர் மாற்ற ஒரு நொடி கிளட்சை விட்டாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

எண்ணெயில் கரையும் திறன்

இதைத் தீர்க்க வந்ததுதான் 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் முறுக்குவிசை மாற்றி. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். முறுக்குவிசை மாற்றியில் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருக்கிறது. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெய் பாய்ந்து மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. நடுவே உள்ள வளைந்த தகடுகள் எண்ணெயின் போக்கைத் திருப்பி முறுக்குவிசையைக் கூட்டித் தருகின்றன. வண்டி நின்றுபோனாலும் எஞ்சின் அணையாது. பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான புல்டோசர்கள் இப்படித்தான் ஓடுகின்றன. நம்பகமான, எளிய ஏற்பாடு இது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பளு ஏற ஏற இரண்டு விசிறிகளின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. அதனால் திறனில் ஒரு பகுதி எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதில் செலவாகிறது. வண்டி முற்றிலும் நின்றுவிட்டாலோ, எஞ்சின் தரும் திறன் அத்தனையும் வெப்பமாகவே போகிறது. எண்ணெயைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு வேண்டும். புல்டோசர் தன் நேரத்தில் பெரும்பகுதியைக் கனத்த பளுவுடனும் குறைந்த வேகத்துடனும்தானே கழிக்கிறது! இழப்பு மிகுதியாக உள்ள இடத்திலேயே அது குடியிருக்கிறது எனலாம்.

கூடவே வரும் மின்நிலையம்

இங்கேதான் மின் மோட்டார் உள்ளே நுழைகிறது. மோட்டாரின் குணம் மண்ணின் குணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நின்ற நிலையிலேயே அது முழு முறுக்குவிசையையும் தரும். வேகம் கூடும்போது முறுக்குவிசை தானாகக் குறையும். திசையை மாற்ற வேண்டுமானால் மின்னோட்டத்தின் போக்கை மாற்றினால் போதும். கியரைத் தொட வேண்டியதில்லை. நின்ற நிலையில் அது விழுங்குவது கம்பிச் சுருள்களில் உண்டாகும் வெப்ப இழப்புக்கான மின்சாரத்தை மட்டுமே. எஞ்சினின் முழுத் திறனையும் அல்ல.

மின்சாரத்தால் மண் தோண்டுவது புதிய செய்தியும் அன்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் பிரம்மாண்டமான சக்கர வாளி எந்திரங்கள், நீண்ட கேபிள் வழியே மின்சாரம் பெற்றுத்தான் இயங்குகின்றன. ஆனால் அவை மெதுவாக நகர்பவை. புல்டோசரோ முன்னும் பின்னும் ஓயாமல் ஓடுவது. கேபிளைத் தானே மிதித்து நசுக்கிவிடும். ஆகவே மின்நிலையத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டீசல் எஞ்சினும், அதனோடு இணைந்த ஜெனரேட்டரும் சேர்ந்ததே அந்த மின்நிலையம்.

இந்த முறை நமக்கு ரயிலில் நன்கு அறிமுகமானது. வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை 1964 முதல் தயாரித்து வந்த 2600 குதிரைத்திறன் கொண்ட 'டபிள்யூ.டி.எம்.2' ரக எஞ்சின்களை நாம் 'டீசல் எஞ்சின்' என்றே அழைத்தோம். உண்மையில் அவற்றின் சக்கரங்களைச் சுழற்றியவை மின் மோட்டார்களே. ஆறு அச்சுகளுக்கு ஆறு மோட்டார்கள்; டீசலின் வேலை அவற்றுக்கு மின்சாரம் ஊட்டுவது மட்டும்தான்.

சக்கரத்துக்குள் மோட்டார்

மண் வெட்டும் எந்திரங்களுக்கு இந்த முறையைக் கொண்டுவருவதில் முன்னின்றவர் அமெரிக்கரான ஆர்.ஜி. லெட்டூர்னோ (1888–1969). சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர், பட்டறையில் கற்றவர். மண் வாரும் எந்திரங்களில் அவர் செய்த புதுமைகள் பல. 1953-ல் தம் மண்வாரித் தொழிலை வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனிக்கு விற்றபின், மின் சக்கரத்தில் முழுமூச்சாக இறங்கினார். அவருடைய எண்ணம் எளியது: எஞ்சினிலிருந்து சக்கரம் வரை தண்டுகளும் பற்சக்கரங்களும் எதற்கு? ஒவ்வொரு சக்கரத்தின் குடத்துக்குள்ளும் ஒரு மோட்டாரையும் கியரையும் வைத்துவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு கேபிள் போதுமே!

கேபிளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். எத்தனை சக்கரங்களுக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். 1955-ல் அலாஸ்காவின் பனிவெளியில் சரக்கு ஏற்றிச் செல்ல அவர் செய்த வண்டித்தொடரில் 24 சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார். 1962-ல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்த மற்றொரு தரைத் தொடர்வண்டி ஏறத்தாழ 174 மீட்டர் நீளம். அதன் 54 சக்கரங்களும் மோட்டாரால் சுழன்றன. அதில் மின்சாரம் உண்டாக்கியவை டீசல் எஞ்சின்கள் அல்ல, வாயுச் சுழலிகள். தண்டும் பற்சக்கரமும் கொண்டு 54 சக்கரங்களை ஓட்டுவதை நினைத்துப் பார்க்கவும் முடியுமா?

இதே காலத்தில் சுரங்க லாரிகளும் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கின. 1963-ல் யூனிட் ரிக் நிறுவனம், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மின் சக்கரங்களைப் பொருத்தி, 85 அமெரிக்க டன் சுமக்கும் லாரியை வெளியிட்டது. இன்று உலகின் மிகப் பெரிய சுரங்க லாரிகளில் பல இவ்வகையே. பெலாரஸ் நாட்டின் 'பெலாஸ் 75710' லாரி 2013-ல் வெளிவந்தது. 450 டன் சுமக்கும் இந்த லாரியில் 2300 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின்கள் இரண்டு. சக்கரங்களைச் சுழற்ற 1200 கிலோவாட் மோட்டார்கள் நான்கு. நம் நாட்டில் 1964-ல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனமும் 150 டன், 205 டன் வகைகளில் மின் இயக்க லாரிகளைச் செய்துள்ளது.

புல்டோசர் ஏன் காத்திருந்தது?

லாரிகள் 1960-களிலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டபோது, புல்டோசர் மட்டும் ஏன் பின்தங்கியது? காரணம் பழைய மோட்டார்களின் அமைப்பு. அவை நேர் மின்னோட்டத்தில் ஓடுபவை. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கக் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். கரி தேயும், பொறி பறக்கும், தூசி புகுந்தால் தொல்லை. புல்டோசருக்கோ புழுதியும் சேறும் அதிர்வும்தான் அன்றாட வாழ்க்கை. அதிலும் மோட்டார் இருக்க வேண்டிய இடம் தரையை ஒட்டி!

மாறுதிசை மின்னோட்ட மோட்டாருக்குக் கரித்துண்டு வேண்டாம். ஆனால் அதன் வேகம் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. வேகத்தை மாற்ற அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். பெருந்திறன் கொண்ட, விரைவாகத் திறந்து மூடும் குறைகடத்திச் சாவிகள் வந்தபிறகே இது நடைமுறைக்கு வந்தது. மின்வெட்டின்போது வீட்டில் விளக்கெரிக்க உதவும் இன்வெர்ட்டரை நீங்கள் அறிவீர்கள். இது அதன் பெரிய அண்ணன். வீட்டு இன்வெர்ட்டர் எப்போதும் ஒரே அதிர்வெண்ணைத் தரும். இது ஓட்டுநரின் விருப்பத்துக்கு ஏற்ப அதிர்வெண்ணை நொடிக்கு நொடி மாற்றித் தரும். 1990-களில் சுரங்க லாரிகளில் இது இடம்பிடித்தது.

புல்டோசரின் முறை பிறகு வந்தது. கேட்டர்பில்லர் நிறுவனம் 2008-ல் அறிமுகப்படுத்தி 2009-ல் தயாரிக்கத் தொடங்கிய 'டி7இ' இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் எஞ்சின் 235 குதிரைத்திறன் கொண்டது. எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், இரண்டு மோட்டார்கள் என்ற வரிசையில் திறன் செல்கிறது. மோட்டார்களுக்குப் பின் பற்சக்கரங்கள் உண்டு. ஆனால் மாற்ற வேண்டிய கியர் கிடையாது. இயக்கப் பகுதியில் அசையும் உறுப்புகள் 60 விழுக்காடு குறைந்தன என்றும், ஒரே அளவு டீசலில் 25 விழுக்காடு கூடுதலாக மண் தள்ளலாம் என்றும் தயாரிப்பாளர் கூறினர்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். எஞ்சின் 100 பங்கு திறனைத் தருகிறது என்று கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் 5 பங்கு போனால் 95. இன்வெர்ட்டரில் 3 விழுக்காடு போனால் சுமார் 92. மோட்டாரில் மேலும் 5 விழுக்காடு போனால் மிஞ்சுவது 87 அல்லது 88. நல்ல பற்சக்கரப் பெட்டியோடு மட்டும் ஒப்பிட்டால் இது குறைவுதான். அதனால்தான் சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் லாரிக்கு இந்தச் சுற்றுவழியில் இலாபம் இல்லை.

புல்டோசரில் கதை வேறு. இங்கே போட்டி பற்சக்கரத்தோடு அன்று, சூடாகும் எண்ணெயோடு. வேகம் எத்தனை மாறினாலும் மின்வழியின் இழப்பு அளவோடு நிற்கிறது. இன்னொரு பெரிய இலாபம் எஞ்சினில் கிடைக்கிறது. சங்கிலிப் பட்டையின் வேகத்துக்கும் எஞ்சினின் வேகத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது அல்லவா? பட்டை ஊர்ந்தாலும் ஓடினாலும், எஞ்சின் தனக்குப் பிடித்த நடையிலேயே போகலாம். டி7இ எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முதல் 1800 சுற்று என்ற குறுகிய வீச்சுக்குள் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது.

எனவே இங்கே மின்சாரம் ஓர் எரிபொருள் அல்ல. எண்ணற்ற படிகள் கொண்ட ஒரு கியர் பெட்டி அது. டீசலில் இல்லாத ஆற்றல் எதையும் அது புதிதாகக் கொண்டுவரவில்லை. வீணாகும் இடங்களை அடைக்கிறது, அவ்வளவே.

இறக்கத்தில் பிறக்கும் மின்சாரம்

சுரங்க லாரிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுரங்கத்தின் அடிக்கு 200 மீட்டர் இறங்கும் 150 டன் எடையுள்ள வெற்று லாரியை எடுத்துக்கொள்வோம். அது விட்டுக்கொடுக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 82 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 40 வாட் குழல்விளக்கு ஒன்றை 2000 மணி நேரத்துக்கு மேல் எரியவைக்க இது போதும்! சக்கரம் உருளும்போது ஏற்படும் உராய்வில் ஒரு பகுதி போக, மீதி முழுவதையும் பிரேக் தாங்க வேண்டும். வெறும் உராய்வு பிரேக்கை நம்பினால் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

மின் லாரியில் இறக்கம் வந்ததும் மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறுகின்றன. சக்கரம் அவற்றைச் சுழற்ற, மின்சாரம் உண்டாகிறது. வண்டியின் வேகம் கட்டுப்படுகிறது. அந்த மின்சாரம் பெரிய மின்தடைச் சட்டங்களில் பாய்ந்து வெப்பமாகிறது. விசிறி அந்த வெப்பத்தை வெளியே ஊதிவிடுகிறது. பிரேக் தேய்வதில்லை. ஆனால் ஆற்றல் வீண்தானே என்று கேட்பீர்கள். ஆம், வீண்தான். எல்லா எந்திரங்களிலும் அப்படி இல்லை. லெட்டூர்னோவின் பெயரில் தொடங்கி, இன்று கொமாட்சு நிறுவனத்திடம் உள்ள பெரிய சக்கர லோடர்களில், வேகம் குறையும்போது பிறக்கும் மின்சாரம் எஞ்சின் பக்கம் திருப்பப்பட்டு, விசிறியையும் எண்ணெய்ப் பம்புகளையும் ஓட்டுகிறது. அந்த நேரத்தில் டீசல் செலவு குறைகிறது.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லா எந்திரங்களும் மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. ஜெனரேட்டர், மோட்டார், மின்னணுச் சாதனங்கள் ஆகியவற்றின் விலை அதிகம். மின்னணுப் பகுதிக்கு வெப்பம் ஆகாது. திரவம் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். பழுது பார்ப்பவரின் கல்வியும் மாற வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு உயர் மின்னழுத்தம் புதிய ஆபத்து. எஞ்சினை நிறுத்தியபின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது இறங்கிவிட்டதை அளந்து உறுதி செய்யாமல் மூடியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே போட்டி இன்னும் தொடர்கிறது. 363 டன் சுமக்கும் கேட்டர்பில்லர் 797எஃப் லாரி, முறுக்குவிசை மாற்றியும் பற்சக்கரமும் கொண்டே 4000 குதிரைத்திறனைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. டி7இ-க்குப் பின் வந்த டி7 புல்டோசரும் பற்சக்கரப் பெட்டிக்கே திரும்பியது. ஆனால் அதே நிறுவனம் மின் இயக்கத்தைக் கைவிடவில்லை; அதன் டி6 எக்ஸ்இ புல்டோசரில் தடைமாற்று மோட்டார் என்ற புதிய வகை இடம்பெற்றது. இந்த மோட்டாரின் சுழலும் பகுதியில் கம்பிச் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. பல் பல்லாக வெட்டிய இரும்புத் தகடுகளின் அடுக்குதான் அது. வெளிச் சுருள்களில் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் பாய்ச்சினால், இரும்புப் பற்கள் காந்தத்தைத் துரத்திக்கொண்டு சுழலும். புழுதிக்கும் அதிர்வுக்கும் அஞ்சாத உடம்பு!

எஞ்சின் மாறலாம், மோட்டார் மாறாது

இறுதியாக ஒன்றைக் கவனியுங்கள். மோட்டாருக்கு வேண்டியது மின்சாரம். அது எங்கிருந்து வருகிறது என்று மோட்டார் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் பலபோரா தாமிரச் சுரங்கத்தில் 1980-களிலேயே, மேடேறும் டீசல்-மின் லாரிகள் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டன. அந்த நேரத்தில் எஞ்சினுக்கு ஓய்வு. ஸ்வீடனின் ஐட்டிக் சுரங்கத்திலும் 2018-ல் இந்த முறை தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டீசல் எஞ்சினை அறவே எடுத்துவிட்டு, மின்கலம் பொருத்திய லாரியை ஓட்டினர். அங்கே கல் மலை மேலே, ஆலை கீழே. சுமையோடு இறங்கும்போது கிடைக்கும் மின்சாரமே வெறுமனே மேலேறுவதற்குப் பெரும்பாலும் போதுமானதாயிற்று.

கியர் பெட்டி உள்ள எந்திரத்தில் எஞ்சினை எடுத்துவிட்டால், இயக்கப் பகுதி முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும். மோட்டார் உள்ள எந்திரத்திலோ மின்சாரம் வரும் வழியை மட்டும் மாற்றினால் போதும். டீசலின் விலையும் புகையும் கவலை தரும் இந்நாளில், டீசல்-மின் எந்திரம் பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டது. அடுத்த முறை ஒரு புல்டோசர் முனகிக்கொண்டு மண் தள்ளுவதைக் கண்டால், சற்றே உற்றுக் கேளுங்கள். பட்டை ஊர்ந்தும் விரைந்தும் போகும்போது எஞ்சினின் ஒலி மட்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருந்தால், உள்ளே இடைநின்று உழைப்பது மின்சாரமாக இருக்கலாம்.